முள் முக்காலுக்கு ஏறுது: 98 மாடல் 800, ஹெட் கேஸ்கட்தானா?

சேலம்_800 | 2023 ஏப்ரல் 22, இரவு 9:14

வண்டி 1998 மாருதி 800. கார்புரேட்டர், ஏசி உண்டு, எல்பிஜி கிட் போட்டது. டெம்பரேச்சர் முள் வழக்கமா பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இப்ப சிக்னல்ல ஏசியோட நின்னா முக்கால். பைபாஸ்ல 80ல போனா பாதிக்கு மேல ஒரு நூல், அவ்வளவுதான். ஏற்காடு ஏறும்போது ஏழாவது எட்டாவது கொண்டை ஊசியிலேயே முக்காலைத் தாண்டுது. ரிசர்வ் டேங்க்ல குமிழி வருது. வெளியே ஒழுகல் எங்கேயும் இல்லை, ஆனா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குறையுது.

மெக்கானிக் குமிழியைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல வர்ற அடைப்புத் தகடு) போச்சுன்னு முடிவு பண்ணிட்டார். ஹெட்டை இறக்குறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்? சமீபத்துல மாத்தினது: ரேடியேட்டர் ஃபேன் மோட்டார், ஆல்டர்னேட்டர் பெல்ட்.

டீக்கடை_பெஞ்ச் | ஏப்ரல் 22, இரவு 9:31

முள்ளை மறைச்சு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. பாதி ஊர் அப்படித்தான் ஓட்டுது.

ஓம்_விதி | ஏப்ரல் 22, இரவு 10:05

முதல் கேள்வி, தண்ணீர் நிஜமாகவே சூடா, முள் மட்டும் ஏறுகிறதா. இதைத் தீர்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம்.

சென்டர் (sender) என்பது எஞ்சின் தண்ணீரின் சூட்டை முள்ளுக்குச் சொல்லும் உணரி; சூடு ஏற ஏற அதன் ஓம், அதாவது மின்தடை, குறையும். பழைய சுசூகி சென்டர்களில் 80 டிகிரியில் 50 ஓமை ஒட்டியும் 100 டிகிரியில் 30க்குக் கீழேயும் இருக்கும். வயரைச் சென்டரிலிருந்து பிடுங்கினால் முள் சி-க்கு (குளிர் முனை) விழ வேண்டும். அதே வயரை எஞ்சின் உடம்பில் இரண்டு விநாடி தொட்டால் சூடு முனையான எச்-சுக்கு ஓட வேண்டும் (பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், மீட்டர் சுருள் போய்விடும்). வயரைப் பிடுங்கியும் முள் இறங்கவில்லை என்றால் வயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது.

இன்னொன்று. பெட்ரோல் முள்ளும் சேர்ந்து வழக்கத்தைவிட மேலே காட்டுகிறதா? இரண்டும் ஒன்றாக ஏறினால் எஞ்சினை விட்டுவிட்டு மீட்டருக்குப் பின்னால் பாருங்கள்.

கோவை_லேத் | ஏப்ரல் 23, காலை 6:50

எஞ்சின் எர்த் ஸ்ட்ராப்பையும் பார்த்துருங்க. கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்குப் போற அந்தப் பட்டை துரு புடிச்சிருந்தா முள் கண்டபடி ஏறும்ங்க.

ஓம்_விதி | ஏப்ரல் 23, காலை 8:12

லேத் அண்ணே, அது தலைகீழ். சென்டர் எர்த் எடுப்பது எஞ்சின் உடம்பு வழியாக. அந்த வழியில் தடை கூடினால் மொத்த ஓம் கூடும், முள் குறைத்துக் காட்டும். சென்டர் மரையில் டெஃப்லான் டேப்பை வரிந்து சுற்றினாலும் அதே கதைதான். இது ஏறிய முள்ளைவிட ஆபத்து: வண்டி கொதிக்கும்போது முள் பாதியில் நிற்கும்.

எர்த் கெட்டு முள் ஏறுவது வேறு இடத்தில். பைமெட்டல் மீட்டருக்குக் கொடுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு (மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டி வோல்டேஜைக் குறைக்கும் கருவி) எர்த் விட்டுப்போனால் அது வெட்டாமல் முழு 12 வோல்ட்டையும் அனுப்பும். அப்போது பெட்ரோல், சூடு இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். மேலே அதைக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

சேலம்_800 | ஏப்ரல் 23, மதியம் 1:20

பெட்ரோல் முள் சரியாத்தான் இருக்கு. வயரைப் பிடுங்கினா சி, எர்த் பண்ணினா எச். லேசர் தெர்மாமீட்டர் ஒண்ணு கிடைச்சிருக்கு. எங்கே அடிச்சுப் பார்க்கணும்?

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 23, மாலை 5:02

தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடுற வால்வு) இருக்கிற ஹவுசிங்ல, மேல் ஹோஸ் மாட்டுற கழுத்துக்கிட்ட. ஆனா வெறும் அலுமினியத்துல அடிச்சா பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைச்சுத்தான் வெளியே விடும், 100 இருக்கிற இடத்துல 60, 70ன்னு காட்டும். ஒரு சாண் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது சூடேறினதும் டேப் மேல அடிங்க. கருவியை ஒரு அடிக்குள்ள பிடிங்க. தூரம் போனா பக்கத்துல இருக்கிறதையெல்லாம் சேர்த்து சராசரி எடுத்துக் காட்டும். ரப்பர் ஹோஸ் மேல அடிச்சா உள்ளே இருக்கிற தண்ணியைவிட சில டிகிரி கம்மியாத்தான் வரும், அதைக் கணக்குல வச்சுக்கோங்க.

மூணு அளவு எழுதுங்க: முள் பாதியில நிற்கும்போது, முக்கால்ல, ஃபேன் ஓட ஆரம்பிக்கிற நொடியில. இந்த மூணும் இல்லாம இங்கே யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 23, மாலை 5:40

மேலே விட்டது ஒண்ணு. தண்ணி குறையுதுன்னு சொல்லியிருக்கீங்க, அதனால இது முக்கியம். சென்டர் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சரியாப் படிக்கும். மட்டம் இறங்கி சென்டர் காத்துல நின்னா முள் திடீர்னு கீழே விழும். ஏறிக்கிட்டிருந்த முள் தானா சட்டுன்னு இறங்கினா, ஹீட்டர்ல குளிர்ந்த காத்து வந்தா, எஞ்சின் ஆறிடுச்சுன்னு நினைக்காதீங்க. தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம், உடனே அணைங்க.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சின்ல மட்டும் திறக்கணும். மேல் ஹோஸைக் கையால அமுக்கினா மெத்துன்னு அமுங்கணும், கை சுடக்கூடாது. அதுவரைக்கும் மூடியைத் தொடாதீங்க.

டீக்கடை_பெஞ்ச் | ஏப்ரல் 23, இரவு 8:15

ஈரச்சாக்கைப் போட்டுத் திறக்கிற வித்தை தெரியாதா உங்களுக்கெல்லாம்?

கோவை_லேத் | ஏப்ரல் 23, இரவு 8:44

சாக்கு ஆவியைத் தடுக்காதுங்க. மூடி திறந்த நொடியில அழுத்தம் போயிரும், 110 டிகிரியில அமைதியா இருந்த தண்ணி மொத்தமா ஒரே நேரத்துல கொதிச்சு மேலே வரும். முகம், கழுத்து, முன்கை மூணும் வெந்து போகும். இதுல விளையாட்டு வேண்டாம்ங்க.

சேலம்_800 | ஏப்ரல் 25, இரவு 9:50

அளவுகள், கறுப்பு டேப் மேல:
பைபாஸ்ல போயிட்டு ஓரங்கட்டினதும், முள் பாதி: 86.
டிராஃபிக், ஏசி ஆன், முள் முக்கால்: 101.
ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போது: 95. ஏசி போட்டா உடனே ஓடுது. ஆனா ஓடினாலும் சூடு இறங்கல, மெதுவா ஏறிக்கிட்டே போகுது.

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 25, இரவு 10:35

அப்ப முள் உண்மையைத்தான் சொல்லுது. நல்ல அளவு எடுத்திருக்கீங்க.

பதறவும் வேண்டாம். 101ங்கிறது கொதிநிலை இல்லை. உங்க ரேடியேட்டர் மூடியில 0.9ன்னு அச்சடிச்சிருக்கும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ. அந்த அழுத்தத்துல வெறும் தண்ணியே 118 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், கூலன்ட் கலந்திருந்தா இன்னும் மேலே. ஆனா மூடியோட ரப்பர் வெடிச்சு, ஸ்பிரிங் தளர்ந்திருந்தா அந்தக் காப்பு கிடையாது, 100ஐத் தாண்டினதும் கொதிக்க ஆரம்பிச்சிடும். மூடி விலை குறைஞ்ச சாமான். ரப்பர்ல கீறல் தெரிஞ்சா யோசிக்காம மாத்துங்க, 0.9க்கு 0.9தான். 1.1 போட்டா நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பழைய ரேடியேட்டர் தையல்ல பிரிஞ்சிடும்.

இப்ப இரண்டாவது கேள்வி: எப்போ சூடாகுது? வேகமாப் போகும்போது நல்லா இருந்து, நின்னா ஏறினா காத்துப் பிரச்சனை: ஃபேன், ஃபேன் ஸ்விட்ச், ரிலே, ஷ்ரவுட் (ஃபேனைச் சுத்தி வர்ற கூண்டு), ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைச்ச குப்பை. நின்னா நல்லா இருந்து, 80, 90ல இழுக்கும்போது ஏறினா தண்ணி ஓட்டப் பிரச்சனை: அடைச்ச டியூப், இலை தேஞ்ச வாட்டர் பம்ப், நழுவுற பெல்ட், உறிஞ்சி சப்பையாகிற கீழ் ஹோஸ், பாதி மட்டும் திறக்கிற தெர்மோஸ்டாட். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பின அஞ்சு நிமிஷத்துக்குள்ள எச்-சுக்குப் போனா தெர்மோஸ்டாட் மூடியபடி நின்னுடுச்சு, இல்ல உள்ளே காத்து அடைச்சிருக்கு.

உங்களுக்கு பைபாஸ் நல்லா இருக்கு, டிராஃபிக் மோசம். முதல் சந்தேகம் காத்துமேலதான்.

கோவை_லேத் | ஏப்ரல் 26, காலை 6:30

ஏற்காடு ஏத்தத்துலயும் ஏறுதேங்க? அது லோடு. அப்ப ரேடியேட்டர் அடைப்புதான். கழட்டி, மேல் டேங்கைப் பிரிச்சு டியூப்ல ராடு விட்டு அடைப்பை எடுக்கோணும்.

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 26, காலை 7:45

ஏற்காடு ஏறுறது இரண்டாவது கியர்ல, 20, 25 கிலோமீட்டர் வேகம். லோடு இருக்கு, காத்து இல்லை. அதனால அது டிராஃபிக் கணக்குல சேரணும். ரேடியேட்டரைத் தனியா சோதிக்கணும்னா சமதளத்துல, ஏசி போட்டு, 90ல பத்து நிமிஷம் விடாம இழுக்கணும். அப்ப முன்பக்கத்துல இருந்து காத்து தானா வரும், ஃபேன் கணக்குலயே இல்லை. அந்த நிலையில 86, 88ல நின்னா ரேடியேட்டருக்குள்ள தண்ணி போகுதுன்னு எடுத்துக்கலாம்.

ராடு விடுறது செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குத்தான். அலுமினியத்துல பிளாஸ்டிக் டேங்க் வச்சதுக்குள்ள ராடு விட்டா டியூப் கிழியும், ஆசிட் ஊத்தினா ஓட்டை விழும். அது அடைச்சா மாத்துறதுதான் வழி.

சேலம்: எஞ்சின் சூடா நிற்கும்போது ரேடியேட்டர் முகத்துல மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா தெர்மாமீட்டரை ஓட்டுங்க. சூடு படிப்படியா இறங்கணும். நடுவுல ஒரு பட்டை மட்டும் சட்டுன்னு குளிர்ந்திருந்தா அந்த டியூப்கள்ல ஓட்டம் இல்லை. உள்ளே போற ஹோஸுக்கும் வெளியே வர்ற ஹோஸுக்கும் வித்தியாசம் 5, 10 டிகிரி இருந்தா நல்லது. 25, 30 வந்தா ஓட்டம் மந்தம். வித்தியாசமே இல்லைன்னா காத்து வெப்பத்தைக் கொண்டு போகல.

யாழ்_மைனர் | ஏப்ரல் 26, இரவு 7:10

தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சா எல்லாம் சரி வருமெண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுவினம். மொரிஸ் மைனர் எண்ட பழைய பிரிட்டிஷ் கார் வச்சிருக்கிற ஆக்களிட்டக் கேட்டால் பாதிப் பேரிட்ட அது இல்லை. உங்கட பக்கத்தில எப்பிடி?

டீக்கடை_பெஞ்ச் | ஏப்ரல் 26, இரவு 7:22

எங்க பக்கமும் அதேதான். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?"

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 26, இரவு 9:30

வெளியே 40 டிகிரி, எஞ்சினுக்கு வேண்டியது 85, 90. நம்ம ஊர் வெயிலும் எஞ்சினுக்குக் குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி நெடுஞ்சாலையில 60, 65லயே ஓடும். பெட்ரோலை அதிகமாக் குடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல ஆயிலைக் கழுவும், ஆயில்ல ஈரம் தங்கி மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படியும். அதைப் பார்த்துட்டு ஹெட் கேஸ்கட்னு இன்னொருத்தர் சொல்வார்.

கழட்டினா தண்ணி வேகமா ஓடி ரேடியேட்டர்ல ஆற நேரமில்லாமப் போகும்னு ஒரு விளக்கம் சுத்துது. அது தப்பு. சுத்து வேகமானா ஒரு தடவைக்கு ஆற நேரம் குறையும், ஆனா அத்தனை அதிக தடவை ரேடியேட்டருக்குத் திரும்பி வரும். ஓட்டம் கூடினா வெப்பம் வெளியேறுறது குறையாது. நிஜமான கேடு இரண்டு. தெர்மோஸ்டாட் ஒரு தடை. அந்தத் தடையாலதான் பம்ப் தள்ளுற தண்ணி பிளாக்குக்குள்ள அழுத்தத்தோட நிற்குது. அது போனா எக்சாஸ்ட் வால்வைச் சுத்தி அங்கங்கே ஆவிக்குமிழி கட்டும். அடுத்தது பைபாஸ், ரோடு இல்லை, தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம எஞ்சினுக்கே திரும்புற குறுக்கு வழி. சில எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதோட அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழட்டினா அந்த வழி எப்பவும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குள்ள திரும்பும்.

யாழ்: உங்க மைனர்ல ஏ-சீரீஸ் எஞ்சின். அதுல ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு குட்டி பைபாஸ் ஹோஸ் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமத்தான் ஓட்டுவேன்னா அந்த இடத்துல பைபாஸ் வழியை அடைக்கிற வளையம், பிளாங்கிங் ஸ்லீவ், போடணும், அந்தக் காரைச் செஞ்ச பிஎம்சி கம்பெனி காலத்துலயே வந்த சாமான். வெறுமனே விடக்கூடாது.

யாழ்_மைனர் | ஏப்ரல் 27, காலை 6:02

அந்தக் குட்டி ஹோஸ்தான் எங்களுக்குக் கரைச்சல். வெடிச்சால் பம்பைக் கழட்டாமல் சாதா ஹோஸ் போகாது. சுருக்கு வைச்ச ஹோஸ் எண்டால் மடக்கி நுழைக்கலாம். ஸ்லீவ் விசாரிச்சுப் பாக்கிறன்.

கோவை_லேத் | ஏப்ரல் 27, காலை 7:15

தெர்மோஸ்டாட் நல்லதா கெட்டதான்னு வீட்டு அடுப்புலயே பார்த்துக்கலாம்ங்க. பாத்திரத்துல தண்ணி, வால்வு இடுக்குல ஒரு நூலைக் கடிக்க விட்டு நூல்லயே தொங்க விடுங்க, அடியில படக்கூடாது. கூடவே தெர்மாமீட்டர். மேல அச்சடிச்ச எண் 82ன்னா 82 பக்கத்துல வால்வு விரிஞ்சு தெர்மோஸ்டாட் நூல்ல இருந்து விழுகும். 95 வர்றதுக்குள்ள 8 மில்லிமீட்டர் திறக்கோணும். பழசுல வால்வு திறக்கும், ஆனா 3, 4 மில்லியோட நின்னுக்கும். அதுதான் ஏமாத்துறது. திருப்பி மாட்டும்போது தட்டுல ஆடுற சின்ன ஊசி மேல் பக்கம் வரோணும், காத்து அது வழியாத்தான் வெளியேறும்.

ஓம்_விதி | ஏப்ரல் 27, காலை 10:40

சேலம், ஃபேன் மோட்டார் சமீபத்தில் மாற்றியதாக முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஃபேன் ஓடுகிறது, ஆனால் சூடு இறங்கவில்லை என்கிறீர்கள். ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம், கண்டென்சர் மேல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். ஒட்டிக்கொள்கிறதா, பறக்கிறதா?

சேலம்_800 | ஏப்ரல் 27, இரவு 8:58

பறக்குது.

ஓம்_விதி | ஏப்ரல் 27, இரவு 9:10

மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. டிசி மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் அப்படித்தான். இறக்கை கோணம் மாறாததால் காற்று எஞ்சின் பக்கமிருந்து முன்னால் போகிறது. எஞ்சின் அறையின் சூடான காற்றே ரேடியேட்டர் வழியாக வெளியேறுகிறது. வண்டி மெதுவாக நகர்ந்தால் எதிரே வரும் காற்றும் இதுவும் மோதி இரண்டும் இல்லாமல் போகிறது. உங்கள் ஏற்காடு கதை இதுதான்.

மோட்டார் வயர் சேரும் கப்ளரில் இரண்டு பின்னையும் இடம் மாற்றுங்கள். பின்னைக் கழற்ற வராவிட்டால் வயரை வெட்டி மாற்றிச் சேர்த்து, சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிவிடாதீர்கள். ஃபேன் கிளம்பும்போது இழுக்கும் கரன்டில் அந்த முறுக்கு சுட்டுக் கருகும். இறக்கையையே திருப்பி மாட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். சுற்றுவது தலைகீழாகவே இருக்கும்வரை இறக்கையைத் திருப்பினாலும் காற்றின் திசை மாறாது.

கோவை_லேத் | ஏப்ரல் 27, இரவு 9:33

அட. இதைப் பார்க்காம ஹெட்டை இறக்கியிருந்தா, ஹெட் ஏத்தின மறுநாளும் முள் அங்கேயேதான் நின்னிருக்கும்.

ஃபேன்ல இன்னொரு கூத்து இருக்குதுங்க. சூட்டைப் பார்த்து ஃபேனைக் கிளப்புற ஸ்விட்ச் போச்சுன்னா டேஷ்போர்டுல ஒரு பொத்தானை வச்சு ஃபேனை நேரடியா இழுத்து விட்டுருவாங்க. ரிலே இல்லாம மெல்லிசு வயர்ல இழுத்தா வயர் உருகும். ஃபேன் ஸ்விட்ச்சைச் சோதிக்க அதுக்குப் போற வயரைக் கழட்டி எர்த் பண்ணுங்க, ரெண்டு வயர் இருந்தா ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. ஃபேன் ஓடினா மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நல்லது, ஸ்விட்ச்தான் கெட்டது.

சேலம்_800 | ஏப்ரல் 30, மாலை 6:25

பின் மாத்தியாச்சு. காகிதம் ஒட்டுது. டிராஃபிக், ஏசி ஆன்: 93க்கும் 97க்கும் நடுவுல ஏறி இறங்குது, முள் பாதிக்கு மேல் ஒரு நூல். ஏற்காடு மேலே போய்ச் சேரும்போது 99.

ஆனா குமிழி நிக்கல. தண்ணியும் குறையுது. அப்ப மெக்கானிக் சொன்னது சரிதானோ?

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 30, இரவு 8:05

டிராஃபிக் தீர்ந்தது. குமிழி தனி வழக்கு.

குமிழி வந்தாலே கேஸ்கட்னு முடிவு கட்ட முடியாது. தண்ணிக்குள்ள ஏதோ ஒரு வாயு அழுத்தத்தோட புகுது, அவ்வளவுதான் தெரியும். எரிப்பறையில இருந்து வரலாம், அது கேஸ்கட், ஹெட் வெடிப்பு. உங்க வண்டியில இன்னொரு வாசல் இருக்கு: எல்பிஜி வேப்பரைசர். திரவ கேஸை ஆவியாக்க அதுக்குள்ள எஞ்சின் தண்ணி சுத்துது. கேஸ் பக்கத்துக்கும் தண்ணி பக்கத்துக்கும் நடுவுல ஓ-ரிங், சீல்தான் தடுப்பு. அது கிழிஞ்சா கேஸ் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிட அதிகம், அதனால கேஸ் தண்ணிக்குள்ள குமிழியா ஏறும். அந்த வாயு ரேடியேட்டர்ல அழுத்தத்தை 0.9க்கு மேல ஏத்தி, மூடி வழியா தண்ணியை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளும், அங்கிருந்து வழிஞ்சு ரோட்டுல போகும். ஒழுகல் தெரியாம தண்ணி குறையும். மிச்ச வாயு தெர்மோஸ்டாட் பக்கத்துல மேட்டுல தங்கி ஓட்டத்தை உடைக்கும்.

பிரிச்சுப் பார்க்கிறது சுலபம். டேங்க் வால்வைக் கையால மூடுங்க. வேப்பரைசர்ல மிச்சம் இருக்கிற கேஸ் தீர்ந்து எஞ்சின் அணையுற வரைக்கும் ஓடவிட்டு, அப்புறம் பெட்ரோலுக்கு மாத்துங்க. ராத்திரி ஆறவிட்டுக் காலையில பெட்ரோல்ல கிளப்புங்க. ஒரு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, குமிழி வந்தா, கேஸ்கட். பெட்ரோல்ல ஒண்ணும் வராம கேஸுக்கு மாத்தினதும் வந்தா வேப்பரைசர்.

திறந்தவெளியில செய்யுங்க. எல்பிஜி காத்தைவிடக் கனம், தரையோட படியும். ரிசர்வ் டேங்க் பக்கத்துல பீடி, தீக்குச்சி, பொறி எதுவும் கூடாது. கார் நிறுத்துற மூடின ஷெட்டுல இந்தச் சோதனையே வேண்டாம்.

வால்வு_கிளியரன்ஸ் | ஏப்ரல் 30, இரவு 8:50

இரண்டாம் யோசனை. சின்ன கேஸ்கட் கசிவு குளிர்ந்த எஞ்சின்ல காட்டாம, சூட்டுல லோடு ஏறினா மட்டும் காட்டும். அதனால பெட்ரோல்லயே ஒரு ஏத்தம் ஏறிட்டு வந்து, பிளாக் டெஸ்ட் பண்ணுங்க. நீல நிற திரவம், ரேடியேட்டர் வாயில வச்சு மேலே இருக்கிற காத்தை உறிஞ்சி அதுக்குள்ள விடணும். எரிஞ்ச புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டா மஞ்சளா மாறும். எரியாத எல்பிஜிக்கு அது நிறம் மாறாது, அதுதான் நமக்கு வசதி. திரவத்துக்குள்ள கூலன்ட் ஏறினா சோதனை கெட்டுச்சு. அதுக்கு ரேடியேட்டர் மட்டத்தை இரண்டு விரல் இறக்கிக்கணும். மூடியைத் திறக்கிறதும் மட்டத்தை இறக்குறதும் ஆறின எஞ்சின்லதான்.

கூடவே கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம், அளந்து பாருங்க. எஞ்சின் சூடா, மூணு பிளக்கும் கழட்டி, ஆக்சிலரேட்டர் முழுசா அழுத்தி, பேட்டரி தெம்பா இருக்கணும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்குள்ள இருக்கணும். பக்கத்து பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா நடுவுல கேஸ்கட் போயிருக்கு. பிளக் முனையையும் பாருங்க: ஒண்ணு மட்டும் ஆவியில கழுவின மாதிரி வெள்ளைவெளேர்னு இருந்தா அந்த சிலிண்டருக்குத் தண்ணி போகுது.

டீக்கடை_பெஞ்ச் | மே 1, காலை 9:00

அதுவரைக்கும் தண்ணி குறையாம இருக்க ஒரு பிடி மஞ்சள் தூள் போடலாமே. லாரிக்காரங்க போடுறாங்க, நிக்குது.

கோவை_லேத் | மே 1, காலை 9:25

நிக்கும்ங்க. நடுக்காட்டுல ரேடியேட்டர்ல ஊசி ஓட்டை விழுந்தா ஊர் வந்து சேர அது போதும். வந்ததும் மொத்தமா வடிச்சு அலசோணும். அப்படியே விட்டா அந்தத் தூள் ஓட்டையை மட்டும் அடைக்காது, டியூப், ஹீட்டர் கோர், இந்த வண்டியில வேப்பரைசர் வழியும் சேர்ந்து அடைக்கும். இவருக்கு வெளியே ஓட்டையே இல்லை, மஞ்சள் எதை அடைக்கப் போகுது?

சேலம்_800 | மே 4, இரவு 9:15

காலையில பெட்ரோல்ல கிளப்பினேன்: ஹோஸ் மெத்துன்னு இருக்கு, குமிழி இல்லை. சூடானதும் கேஸுக்கு மாத்தினா கொஞ்ச நேரத்துல குமிழி ஆரம்பிச்சது, ஹோஸ் இறுகுது. ஏத்தம் ஏறிட்டு வந்து பெட்ரோல்லயே பிளாக் டெஸ்ட்: நீலம் நீலமாவே இருந்தது. கம்ப்ரெஷன் 11.5, 11.5, 11.2. பிளக் மூணும் ஒரே நிறம்.

வால்வு_கிளியரன்ஸ் | மே 4, இரவு 9:40

ஹெட்டை யாரையும் தொட விடாதீங்க. வேப்பரைசர்தான்.

டேங்க் வால்வு மூடியே இருக்கட்டும், சரி பண்ற வரைக்கும் பெட்ரோல் மட்டும். உங்க கிட்டோட பெயர், மாடல் எண் வேப்பரைசர் தட்டுல இருக்கும், அதுக்கான ரிப்பேர் கிட் டயாஃப்ரம், ஓ-ரிங், கேஸ்கட் சேர்ந்து வரும். வேப்பரைசரை நீங்க பிரிக்காதீங்க. எல்பிஜி அங்கீகாரம் உள்ள இடத்துல கொடுத்து, மாட்டினதும் சோப்பு நுரை வச்சு எல்லா இணைப்பையும் உங்க கண்ணு முன்னாடி பார்க்கச் சொல்லுங்க. பிரிக்கும்போது தண்ணி பக்கத்துல அலுமினியம் குழி குழியா அரிச்சிருந்தா ரிப்பேர் கிட் உதவாது, புது ஓ-ரிங்கும் அந்தக் குழியில உட்காராது, முழு வேப்பரைசரும் மாத்தணும். அப்படி அரிக்கிறதுக்கு வழக்கமான காரணம் வெறும் போர்வெல் தண்ணி.

சேலம்_800 | மே 4, இரவு 9:52

போர்வெல் தண்ணிதான் ஊத்திக்கிட்டிருக்காங்க. ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா? கூலன்ட் பச்சையா, சிவப்பா?

ஓம்_விதி | மே 4, இரவு 10:20

நிறம் சாயம் மட்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எத்திலீன் கிளைக்கால், அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

தண்ணீருக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஐந்து லிட்டர் கேன் மலிவாகவே கிடைக்கும். ஆர்ஓ தண்ணீர் போர்வெல்லைவிடப் பல மடங்கு தேவலை, ஆனால் அதிலும் உப்பு கொஞ்சம் இருக்கும், அவசரத்துக்குச் சரி.

கலவை 50க்கு 50 தாண்ட வேண்டாம். கூலன்டை நீர்க்காமல் ஊற்றினால் இன்னும் குளிரும் என்று நினைப்பது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் பலசாலி. கிளைக்கால் அதில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் சுமக்கும். கிளைக்கால் இருப்பது கொதிநிலையை ஏற்ற, கூட வரும் மருந்து அரிப்பைத் தடுக்க. உறைபனி இல்லாத நம் ஊருக்கு 30 முதல் 40 சதவீதம் போதும், 30க்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு பலவீனம். டப்பாவில் 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் அது ஏற்கெனவே கலந்தது, மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு தேவை என்பதற்கு, வடிக்கும்போது லிட்டர் கோடு போட்ட பக்கெட்டில் பிடியுங்கள். ஊற்றும்போது அந்த அளவாவது உள்ளே போக வேண்டும். குறைவாகப் போனால் உள்ளே காற்று இருக்கிறது.

கோவை_லேத் | மே 5, காலை 6:40

காத்தை எடுக்கிறது: வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி நிறுத்துங்க. ஹீட்டர் லீவரை முழு சூட்டுக்குத் தள்ளுங்க. மூடி திறந்தபடி குளிர்ந்த எஞ்சின்ல மெதுவா ஊத்துங்க, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க, மட்டம் இறங்க இறங்க ஊத்திக்கிட்டே இருங்க. ஐடிலிங்ல ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுன்னு இறங்கும், அப்ப மறுபடி ஊத்தி மூடியைப் போட்டுருங்க. அப்புறம் ஃபேன் ரெண்டு தரம் ஓடி நிக்கட்டும். மறுநாள் காலையில ரிசர்வ் டேங்க் மட்டம் இறங்கியிருந்தா பயப்படாதீங்க, மிச்சக் காத்து வெளியேறி ரேடியேட்டர் உறிஞ்சியிருக்கு. இறங்காம, மேல் ஹோஸ் சப்பையாக் கிடந்தா மூடியில இருக்கிற சின்ன வேக்குவம் வால்வு திறக்கல, மூடியை மாத்துங்க.

பெல்ட் புதுசுன்னீங்க. புது பெல்ட் கொஞ்ச நாள்ல தளரும். இந்த எஞ்சின்ல வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான் சுத்துது. நடுவுல கட்டை விரலால பலமா அமுக்கினா 6ல இருந்து 9 மில்லி வரைக்கும் இறங்கலாம். ரொம்ப இறுக்கினா பம்ப் பேரிங் போயிரும், அடியில இருக்கிற சின்ன ஓட்டை வழியா சொட்டும்.

சேலம்_800 | மே 13, மாலை 7:30

வேப்பரைசர் பிரிச்சாச்சு. ஓ-ரிங் ஒரு இடத்துல அறுந்திருந்தது, அலுமினியம் பரவாயில்லை, லேசான அரிப்புதான். கிட் மாத்தி, நுரை வச்சுப் பார்த்து, 40 சதவீதம் கூலன்ட், மிச்சம் டிஸ்டில்டு வாட்டர். மூடியும் புதுசு. கேஸ்லயும் குமிழி இல்லை. ஏற்காடு மேலே 94. ஒரு சந்தேகம்: வேப்பரைசர் ரேடியேட்டர் மூடி மட்டத்தைவிட ஒரு கை உயரத்துல இருக்கு, அது பரவாயில்லையா?

வால்வு_கிளியரன்ஸ் | மே 13, இரவு 8:10

இறக்கி மாட்டுங்க. அந்த உயரத்துல இருந்தா சுத்துல அதுதான் மேடு, கொஞ்சம் தண்ணி குறைஞ்சாலும் முதல்ல காத்து போய் உட்கார்ற இடம் அதுவே. தண்ணி சுத்தாத வேப்பரைசர் பனி பூத்து வெளியே வெள்ளையா உறையும், ரப்பர் விறைச்சுக் கிழியும். மூடி மட்டத்துக்கு நாலு விரல் கீழே, பாடியில, எஞ்சின் மேல இல்லாம. தண்ணி ஹோஸ் இரண்டும் கீழ் நோக்கி மடியாம வரணும். பிராக்கெட் மாத்துற வேலைதான், அதே எல்பிஜி இடத்துலயே செஞ்சு கொடுப்பாங்க.

டீக்கடை_பெஞ்ச் | மே 13, இரவு 8:18

அப்ப ஸ்டிக்கர் வேண்டாம்?

சேலம்_800 | மே 13, இரவு 8:21

உங்க வண்டிக்கே ஒட்டிக்கோங்க. பிராக்கெட்டுக்கு நாளைக்குக் கொடுக்கிறேன்.